எட்டு இல்லாத எண்

என் பிரியாக்கா,

டத்தோ கிராமாட் சாலைச் சாப்பாட்டுக் கடையின் கல்லாவில், உன் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். உன் பெயர் தைத்த சட்டைதான் போட்டிருக்கிறேன். புதிதாகத் தைத்துத் தருவதாக முதலாளி சொன்னார். மறந்துவிட்டார். ஞாபகப்படுத்த எனக்கு வாய் வருமா? உனக்குத் தெரியாததா.

டெங்கிக் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு பள்ளியை விட்டுவிட்டேன். வீட்டில் யாராவது வேலைக்குப் போக வேண்டுமே.

உன் கால்குலேட்டரும் இங்கேதான் இருக்கிறது. 12345679 ஞாபகமிருக்கிறதா? "எட்ட மட்டும் விட்டுட்டு அடிடி. இப்ப ஒரு நம்பர் சொல்லு" என்றாய். நான் வம்புக்கு எட்டு என்றேன்.

"இல்லாததத்தான் கேப்பியா? அதுவும் வரும் லா, பாரு."

எட்டை ஒன்பதால் பெருக்கினாய், எழுபத்திரண்டு. அதைக் கொண்டு அந்த எண்ணைப் பெருக்கினாய். 888888888. திரை முழுக்க எட்டு! எப்படி என்று கேட்டேன். "எனக்கென்னடி தெரியும், வருது" என்று சிரித்தாய்.

போன வாரம் ஈப்போ லோரிக்கார அண்ணன் வந்தார். வெகு நாள் கழித்து வருகிறார், நீ போனது அவருக்குத் தெரியாது. சட்டையில் இருந்த பெயரைப் பார்த்தார்.

"என்ன பிரியா, இப்படி எளச்சுப் போயிட்ட?"

"ஆமாண்ணே."

"சாப்புடு லா! சோத்துக் கடையில உக்காந்துகிட்டுப் பட்டினி கெடக்குற ஒரே ஆளு நீதான்."

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் போன பிறகுதான் குனிந்து சட்டையில் உன் பெயரைப் பார்த்தேன். அவருக்குப் பதில் சொன்னது யார், அக்கா?

அம்மாவும் அப்படித்தான். சுங்கை பினாங் வீட்டுக் கதவைத் திறந்ததும் அடுப்படியிலிருந்து குரல் வரும். "வந்துட்டியா பிரியா?" நானும் "வந்துட்டேம்மா" என்பேன். அவரைத் திருத்தினால் நீ இன்னொரு முறை போய்விடுவாயோ என்று பயம்.

இன்று மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் அந்த எண்ணை வெறும் எட்டால் பெருக்கினேன். 98765432. எட்டு வந்துவிட்டது, ஆனால் ஒன்றைக் காணோம்.

பிறகு உன் வித்தைப்படி ஒன்பதுக்காக எண்பத்தொன்றால் பெருக்கினேன், திரை முழுக்க ஒன்பது. அதைத் திருப்பி, தாளில் ஒன்றை எண்பத்தொன்றால் வகுத்துக்கொண்டே போனேன். 0.012345679012345679… முடிவே இல்லாமல் அதே வரிசை. எட்டு எங்கேதான் போகிறது? கட்டம் போட்டு, ஒன்று இரண்டு என்று பத்து வரை ஒவ்வொன்றாக எழுதியபோது பிடிபட்டது. பத்து ஒரு கட்டத்துக்குள் அடங்காது. அதன் ஒன்று முன்னால் நிற்கும் ஒன்பதின் மேல் ஏறுகிறது. ஒன்பதும் பத்தாகித் தாங்க முடியாமல் ஒன்றை எட்டின் மேல் ஏற்றிவிடுகிறது. எட்டு எங்கும் போகவில்லை அக்கா. வந்த சுமையை வாங்கிக்கொண்டு ஒன்பதாக அங்கேயே நிற்கிறது.

இத்தனை நாளும் காணாமல் போன அந்த எட்டு நீ என்று நினைத்திருந்தேன். உன் வேலையை, உன் சட்டையை, உன் பெயரை வாங்கிக்கொண்டு நிற்பது நானல்லவா?

சுமை இருக்கட்டும், அதை இறக்க மாட்டேன். ஆனால் இன்றைக்கு அம்மா கேட்கும்போது, "லோகா வந்திருக்கேம்மா" என்று சொல்வேன். அவர் அழுதால் பக்கத்திலேயே உட்கார்ந்து நானும் அழுவேன். உன்மேல் ஆணை. நீ கோபித்துக்கொள்ள மாட்டாய்தானே?

என் சொந்தப் பெயரில்,
உன் தங்கச்சி
லோகேஸ்வரி