அரளிக்கு அம்மா ஊற்றிய தண்ணீர்

அன்புக் குட்டிக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், நீ விட்டுப்போன அரளிச் செடிக்குத்தான் சுகமில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை, கேட்டால் "பழகிடுச்சுப்பா" என்று வைத்துவிடுவாய்.

போன மாதம் போனில், இங்கே காற்றே காய்ந்து கிடக்கு, உதடெல்லாம் வெடிக்குது என்று வாய்தவறிச் சொன்னாய் பார், அன்றிலிருந்து உன் அரளித் தொட்டிக்குக் காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி. உனக்கு ஊற்ற முடியாததை அதற்கு ஊற்றுகிறாளாம் உன் அம்மா. இலை மஞ்சளாகி உதிர்ந்ததும் பழி என் தலையில். முப்பது வருஷமா காலேஜ் லேப்ல இலை வெட்டுறீங்க, வீட்டுச் செடியைக் காப்பாத்தத் துப்பில்லை என்றாள். பொறுக்க முடியாமல் சனிக்கிழமை அவளை ஆய்வுக்கூடத்துக்கே கூட்டிப்போனேன். (பிள்ளைகள் என்னைப் 'பிளேடு சார்' என்பது இலை வெட்டுவதால்தான் என்று அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன், காட்டிக்கொடுக்காதே.) மூன்று இலைகளை உருளைக்கிழங்குத் துண்டில் செருகி மெல்லியதாகச் சீவி மைக்ரோஸ்கோப்பில் வைத்தேன். முதலில் குளத்து அல்லி. தண்ணீருக்குப் பஞ்சமில்லாததால் மெல்லிய தோல், மிதக்க உள்ளெல்லாம் காற்றறைகள், மூச்சுவிடும் துளைகள் மேல்பக்கம். உங்க தங்கச்சி மாதிரி எந்நேரமும் வாயைத் திறந்துக்கிட்டு என்றாள். அடுத்தது செம்பருத்தி, அளவான ஈரத்தில் வளர்வது. தோலும் அளவு, துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கம். இது அடக்கமானது, என்னை மாதிரி என்றாள், நான் எதற்கு வம்பு என்று தலையாட்டினேன். கடைசியில் அரளி. தடித்த தோல், துளைகளெல்லாம் அடியில் சின்னக் குழிகளுக்குள், குழியை மறைத்து முடி. வறண்ட காற்று ஈரத்தைக் குடித்துவிடாமல் இருக்க இத்தனை ஏற்பாடு, இதற்கு வாளி வாளியாக ஊற்றினால் வேர் அழுகும் என்று விளக்கினேன். அம்மா வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. பிறகு, நம்ம பொண்ணு போன்ல பேசுற மாதிரியே இருக்குங்க என்றாள். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு முன்னால் தோல் தடித்தே இரு, நல்லதுதான். எங்களிடம் எதற்கு? கஷ்டமென்றால் கஷ்டம் என்று சொல். அழுதாலும் அழு, அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்வேன். உதட்டுக்கு எண்ணெய் தடவு. எங்கிருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ண மறக்காதே. அதுவரை வாளியைத் தொடுவதில்லை என்று அம்மா சத்தியம் செய்திருக்கிறாள். அன்றும் நீ "பழகிடுச்சு" என்றால் அந்த அரளியை என்னால் காப்பாற்ற முடியாது.

உன்னையே நினைத்திருக்கும்,
அப்பா