சிவப்பு விளக்கும் மூன்று மார்க்கும்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் மகள் சிட்டுவும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம். என் வலது முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை, இந்தக் குடும்பத்தில் அது ஒன்றும் புதிதில்லை. நீயும் மருமகளும் அந்த வெளிநாட்டில் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். மருமகள் அனுப்பிய கம்பளிச் சட்டை வந்தது. அதற்குள் என்னைப்போல் இரண்டு பேர் போகலாம். போன தடவை அனுப்பியதில் என் ஒரு கை மட்டும்தான் போயிற்று, ஆகவே இரண்டையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் அளவு சரிதான். மாடிவீட்டு அம்மாள் போன வாரம் படிக்கட்டில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் என் குடையை வாங்கிப்போய்க் கம்பியை உடைத்துக் கொண்டுவந்து கொடுத்தவள் அவள், அதை மறந்தால்தானே சிரிப்பு வரும்.

விஷயத்துக்கு வருகிறேன். சிட்டு பிசிக்ஸில் மூன்று மார்க்கில் பெயிலாகிவிட்டாள் என்று நீ ஒரு வாரமாக போனில் கத்துகிறாய். படிச்சு கிழிச்சது போதும், மறுபடியும் எழுதவெல்லாம் வேணாம், பெட்டியக் கட்டிக்கிட்டு வந்து சேரு, நான் விளக்குப் போடுற நாடக அரங்கத்துலயே டிக்கெட் கிழிக்கிற வேலை வாங்கித் தர்றேன் என்கிறாய். அவள் வாயைத் திறக்கவில்லை என்று அதற்கு வேறு உனக்குக் கோபம். ஏன் திறக்கவில்லை என்று நான் சொல்கிறேன், அவள் சொல்ல மாட்டாள்.

ரிசல்ட் வந்த அன்று சாயங்காலம் சமையலறைத் தரையில் கேள்வித்தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னடி, கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்க என்றேன். ஐந்து மார்க் கேள்வி ஒன்றைப் படித்துக் காட்டினாள். ஏதோ ஒரு உலோகத் தகடாம், அதன்மேல் ஒரு தடவை பளீரென்று சிவப்பு வெளிச்சம் விழுகிறதாம், ஒரு தடவை மங்கலாக ஊதா வெளிச்சம் விழுகிறதாம், எது தகட்டிலிருந்து எலக்ட்ரானைக் கிளப்பும், ஏன் என்று கேள்வி. எலக்ட்ரான் யார் என்னவென்று எனக்குத் தெரியாது. ஆனாலும் ஊதாதான், இதுல என்ன சந்தேகம் என்றேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, பாட்டி நீ மூணாம் கிளாஸ்தானே, உனக்கு எப்படித் தெரியும் என்றாள். பதினொரு வருஷம் ஸ்டூடியோ இருட்டறையில் போட்டோ கழுவினவளுக்குத் தெரியாதா. அங்கே சிவப்பு பல்பு எரிந்துகொண்டேதான் இருக்கும், அதற்குக் கீழேதான் தாளைத் தட்டில் போட்டு அலசுவோம், தாளுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு புதன்கிழமை கதவு இடுக்கில் நூல் அளவு பகல் வெளிச்சம் நுழைந்துவிட்டது. பிரித்து வைத்திருந்த தாள் அத்தனையும் மருந்தில் போட்டதும் கன்னங்கரேலென்று கறுத்துப்போனது. கதவைச் சரியாகச் சாத்தாதவர் ஸ்டூடியோக்காரர், திட்டு வாங்கியவள் நான். இவ்ளோ பெரிய பல்பு செய்யாதத இத்துனூண்டு வெளிச்சம் எப்படிங்க செஞ்சுது என்று கேட்டேன். அதெல்லாம் படிக்காதவங்களுக்குச் சொன்னா புரியாதும்மா என்றார், படம் எடுக்க வந்த நாலு பேர் முன்னால். முப்பத்தோரு வருஷமாகிறது. அவர் சாவுக்குக்கூடப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன், மன்னித்துவிட்டு வரவில்லை.

சிட்டுதான் எனக்குப் புரியவைத்தாள். வெளிச்சம் தண்ணி மாதிரி ஒழுகி வர்றதா மட்டும் நெனைக்காத பாட்டி, அது நெல்லு மாதிரி மணி மணியாவும் வந்து விழுது, ஒவ்வொரு மணிக்கும் ஒரு பலம், சிவப்பு மணி நோஞ்சான், ஊதா மணி முரடு, ஒரு மணி ஒரு எலக்ட்ரானைத்தான் இடிக்கும், நாலு சிவப்பு மணி கூடிப் பேசிக்கிட்டு ஒண்ணா வந்து இடிக்காது என்றாள். பளீர்னு இருந்தா மணி நிறைய விழும், அவ்வளவுதான், எத்தனை விழுந்தாலும் எல்லாம் நோஞ்சான்தானே, மங்கலான ஊதால மணி கொஞ்சம்தான், ஆனா ஒண்ணே ஒண்ணு பட்டாலும் ஒருத்தனைக் கிளப்பிடும், பகல் வெளிச்சத்துல ஊதாவும் கலந்திருக்கு, அதான் உன் தாள் போச்சு என்றாள். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை, எனக்கு விளங்கிவிட்டது. அப்படியானால் ஸ்டூடியோக்காரருக்கே இது தெரிந்திருக்கவில்லை, தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார். அதைக் கண்டுகொண்ட சந்தோஷத்தில் அன்றைக்கு எனக்கு முழங்கால் வலிக்கவே இல்லை.

இவ்வளவும் தெரிஞ்சவ பரீட்சையில என்னடி எழுதின என்று கேட்டேன். சிவப்பு என்றாள். ஏன் என்று தோண்டித் துருவிக் கேட்டபிறகு காரணம் வந்தது. பரீட்சைக்கு முந்தின நாள் இதே சமாச்சாரத்தை உன்னிடம் போனில் சரிபார்த்தாளாம். புத்தகத்துல ஆயிரம் போட்டிருப்பான், இருபது வருஷமா வெளிச்சத்துலயே பொழைக்கிறவன் நான் சொல்றேன், வாட்ஸ் கூடினா வேலை கூடும், பளீர்னு இருக்கறதையே எழுது, மார்க் போடலன்னா என் பேர மாத்திக்கறேன் என்றாயாம். புத்தகம் சொன்னது ஊதா, அப்பா சொன்னது சிவப்பு, பிள்ளை அப்பாவை நம்பிவிட்டது. போனது ஐந்து மார்க், தேவைப்பட்டது மூன்று. பெயரை எப்போது மாற்றுகிறாய் என்று தெரியப்படுத்து, உறையின்மேல் எழுத வசதியாக இருக்கும். நீ கத்தின ஒரு வாரமும் அவள் இதை விழுங்கிக்கொண்டு நின்றாள். அப்பாகிட்ட சொல்லிடாத பாட்டி, அவருக்கு அவமானமா இருக்கும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். சரி என்றேன். நான் எத்தனையோ பேரிடம் சரி என்று சொல்லியிருக்கிறேன்.

மறுதேர்வு விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டுமென்றார்கள். இந்த முழங்காலை இழுத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறிக் கல்லூரி ஆபீஸுக்கு நானே போனேன். அங்கே இருந்த குமாஸ்தா, பொண்ணோட அப்பா கையெழுத்துதாம்மா செல்லும் என்றார். அந்த அப்பனுக்குக் கைபிடிச்சு அ எழுதவச்சதே நான்தான், அவன் கையெழுத்து செல்லும், என்னோடது செல்லாதா என்று அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். மதியம் வரைக்கும் பார்த்தார். பிறகு காப்பாளர் என்று ஒரு கட்டம் இருப்பது அவருக்கே ஞாபகம் வந்துவிட்டது. என் எழுத்து கோணல்தான், கட்டத்தைவிட்டு வெளியே போய்விட்டது, ஆனாலும் முத்திரை குத்திவிட்டார்.

பரீட்சைக்கு இன்னும் ஒன்பது நாள். இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பதினாலு நாளாகும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள், இன்னொரு தடவையும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று முதல் வரியிலேயே யோசித்திருப்பாய், இதற்குத்தான். நீ இதைப் படிக்கும்போது அவள் எழுதி முடித்திருப்பாள்.

நீயும் மருமகளும் நோய்நொடி இல்லாமல் நிறைந்த மனசோடு இருங்கள், உங்களுக்கு ஒரு குறையும் வராது. ஏணியில் ஏறும்போது இடுப்புப் பட்டையை மாட்டிக்கொள். இதைப் படித்ததும் உன் மகளைக் கூப்பிட்டு, நான் சொல்லிக்கொடுத்தது தப்பும்மா என்று ஒரு தடவை சொல்லிவிடு. விளக்கம் வேண்டாம், வாட்ஸ் கணக்கு வேண்டாம். தள்ளிப் போடாதே. அவளுக்கு மூக்கு உன்னுடையது, சிரிப்பு மருமகளுடையது, ஞாபகம் என்னுடையது.

உன் நன்மையை மட்டுமே நினைக்கும்,
அம்மா