கேசரிக் கிண்ணத் தீவுகள்

என் செல்ல அப்பாவுக்கு,

தூத்துக்குடியிலிருந்து உங்கள் பெண் எழுதுகிறேன். நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆனாலும் உங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது சிரிப்புதான். என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நீங்கள் அடித்த கூத்தை நினைத்து அடுப்படியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பேன்.

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையோரம் வாழை போட்டவர் நீங்கள். வெள்ளம் தோட்டத்தை வழித்துக்கொண்டு போனதைப் பார்த்தவர். மாப்பிள்ளைக்குத் தூத்துக்குடியில் கப்பல் சரக்கைச் சரிபார்க்கும் வேலை, தினமும் தோணியில் கடலுக்குள் போகவேண்டும் என்று தெரிந்ததுமே உங்கள் முகம் மாறிவிட்டது. கரையோரம் ஆழம் போதாது, கப்பல் தூரத்தில்தான் நிற்கும், ஆனால் முயல் தீவு, வான் தீவு என்று சின்னச் சின்னத் தீவுகள் மறைத்துக்கொண்டு இருப்பதால் பயமில்லை என்று அவர் சொன்னார். அதைக் கேட்டதும் உங்கள் பயம் இரட்டிப்பானது.

“தீவுன்னா ரெண்டு பக்கமும் வெள்ளம் வருமே தம்பி. நாங்க தீவுலதான இருக்கோம், எங்களுக்குத் தெரியாதா?” என்றீர்கள்.

கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அழுகையே வந்துவிட்டது. காப்பி கொடுத்தபோது அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்திருந்தார். எனக்குப் பிடித்துப்போயிருந்தது அப்பா. முக்கொம்பில் இரண்டாகப் பிரிந்து ஸ்ரீரங்கத்தைச் சுற்றி ஓடுகிற காவிரியை வைத்து நீங்கள் கடலை அளந்தால் என் கல்யாணம் என்ன ஆவது?

அவர் வாதாடவில்லை. ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் கேட்டார். கேசரி தின்று முடித்த கிண்ணங்களை அதில் வரிசையாகக் கவிழ்த்தார். அவற்றுக்குப் பின்னால் ஒரு வெற்றிலைத் துண்டைத் தோணியாக மிதக்கவிட்டார். கடல் அலை ஆற்று வெள்ளம் மாதிரி ஓடி வராது, தீவில் மோதி அங்கேயே உடைந்துவிடும், நீங்களே அடித்துப் பாருங்கள் என்றார். நீங்கள் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்து உள்ளங்கையால் தட்டினீர்கள். இன்னும் பலமாகத் தட்டினீர்கள். அம்மாவின் பட்டுப்புடவை நனைந்ததுதான் மிச்சம், வெற்றிலை லேசாக ஆடியதோடு சரி.

அதோடு விட்டீர்களா? இரண்டு கிண்ணங்களுக்கு நடுவே இருந்த சந்துக்கு நேராக நகர்ந்து ஓங்கி ஒரு தட்டு. வெற்றிலை கவிழ்ந்து மூழ்கியது. “சந்து வழியா வந்துடுச்சே தம்பி!” என்றீர்கள்.

“ஆமாங்க. அந்த வாசல் வழியாத்தான் நாங்க போகணும், வரணும். அதை அடைக்க முடியாது,” என்றார் அவர். “அதுக்கு நேரா காத்து அடிச்சா நான் தோணி ஏற மாட்டேன். வேலை போனாலும் சரி.”

மழுப்பாமல் சொன்னாரே, அது போதும் என்று சொல்லிவிட்டுத் தாம்பூலத்தை எடுத்துவரச் சொன்னீர்கள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

புதிதாக வந்த நயா பைசாக் கணக்கைத் திட்டிக்கொண்டே டிக்கெட் வாங்கி, நீங்கள் முதல் தடவை இங்கே வந்தது நினைவிருக்கிறதா? ஆசையாகக் கடற்கரைக்குப் போய், குளம் மாதிரிக் கிடந்த தண்ணீரைப் பார்த்து ஏமாந்துபோனீர்கள். ஆனாலும் அந்தக் கவலை மட்டும் உங்களை விடவில்லை. திருச்சி ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோதுகூட, மாப்பிள்ளை சொன்ன சொல்லைக் காப்பாற்றுவாரா என்று என்னிடம் கேட்டீர்கள். நான் என்ன பதில் சொன்னேன் என்றே ஞாபகமில்லை.

இன்று காலையிலிருந்து அந்தத் தீவு வாசலுக்கு நேரான காற்று. கப்பல் காத்து நிற்கிறது, உடனே வரச்சொன்னார்கள் என்று ஆபீஸிலிருந்து ஆள் வந்தான். இவர் மறுத்துவிட்டார். மாமனாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாராம். மாமனார் ஊரிலிருந்து வந்திருக்கிறாரா என்று அவன் கேட்டான்.

“ஆமா, உள்ளதான் இருக்காரு,” என்றார் உங்கள் மாப்பிள்ளை.

இப்போது உங்கள் பேரனை மார்பில் போட்டுக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி குறட்டை விடுகிறார். கேட்கிறதா அப்பா?

ஆடிப்பெருக்குக்குப் பேரனைத் தூக்கிக்கொண்டு ஸ்ரீரங்கம் வருவேன். ஆற்றுத் தீவு வேறு, கடல் தீவு வேறு என்று அவனுக்கு முதலிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவேன். தாத்தா மாதிரி அவனும் பெண் வீட்டாரைத் தண்ணீரில் நனைக்கக் கூடாது பாருங்கள்.

இரண்டு தீவுக்கும் சொந்தக்காரியான உங்கள் மூத்த பெண்,
செண்பகம்