கேரியரில் உட்கார்ந்திருந்தவனுக்கு

வரிசை போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது, உனக்குத் தெரியும். ஆகவே முதலில் குறிப்புகள்.

1. இன்று காலை வந்த வாசனை.
2. மாலத்தீவில் நாம் சைக்கிள் வாங்கிய விதம்.
3. உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது என்பது.
4. எதிரே பெரியவர்கள் வந்தால் நான் இறங்கியது.
5. உனக்கு நெஞ்சு வலித்த மாலை.

வாசல் கேட்டின் தாழ்ப்பாள் மழையில் இறுகிப்போயிருந்தது. உன் சாவுக்குப் போய் வந்ததிலிருந்து நான் அதைத் திறக்கவில்லை. பால்காரர் பாக்கெட்டைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போகிறார். இன்று காலை கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டேன். துருவும் தேங்காய் எண்ணெயும் கலந்த அந்த வாசனை வந்தது. பழனிசெட்டிபட்டியில் நின்றுகொண்டு கடலை நினைத்தேன். துக்கம் என்று சொல்லும்படி எதுவும் வரவில்லை. உத்தமபாளையத்தில் உன்னை அடக்கம் செய்த அன்றும் வரவில்லை. எல்லோரையும் போல மூன்று பிடி மண் போட்டேன், கையைக் கழுவினேன், பஸ் ஏறி வந்துவிட்டேன். என்னிடம் ஏதோ குறை இருக்கிறதோ என்று அவ்வப்போது தோன்றுகிறது.

அந்தத் தீவுக்குப் போனபோதும் இப்படித்தான் இருந்தேன். மனைவி இறந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் இருக்க முடியாமல் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, மாலத்தீவுப் பள்ளிக்குக் கணக்கு வாத்தியாராகப் போக ஒப்புக்கொண்டேன். திருவனந்தபுரத்தில் நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்களில் நம் பக்கத்து ஆள் நீ ஒருவன்தான். நீ ஆங்கிலம். இரண்டு பேருக்கும் ஒரே தீவு, ஒரே அறை.

பள்ளிக்கூடம் விட்டால் நான் அறைக்கு வந்து கட்டிலில் படுத்துவிடுவேன். முதல் மாதம் முடியுமுன்பே பெட்டியைக் கட்டினேன். அடுத்த படகில் கிளம்புவது என்று முடிவு. நீ வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

"போறதுன்னா போ மாப்ளே. ஆனா என்னைய யாரு கூட்டிட்டுத் திரிவா?"

"உனக்கென்ன, கால் இல்லையா?"

"இந்த முனையில ரூமு, அந்த முனையில பள்ளிக்கூடம். கோட்டயத்துச் சாரு ஊருக்குப் போறாக. சைக்கிளைக் குடுத்துட்டுப் போறேங்கிறாக. வாங்கிப்பிடலாம். எனக்குத்தான் ஓட்டத் தெரியாதே."

"உத்தமபாளையத்துக்காரனுக்கு சைக்கிள் தெரியாதா?"

"தெரியாதுன்னா தெரியாது. எங்க அத்தா தொடவே விடலை, விழுந்து பல்லு போயிரும்னு. நீ போனா நான் இங்கன நடந்தே சாக வேண்டியதுதான்."

பெட்டியைப் பிரித்தேன். சைக்கிளை வாங்கினோம். பாதி உனக்கு, பாதி எனக்கு.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் நான் மிதித்தேன், நீ கேரியரில் உட்கார்ந்து வந்தாய். உன் உயரத்துக்குக் கால் இரண்டும் தரையில் உரசும். அந்த வெள்ளை மணல் தெருவைக் காலையில் பெருக்கிக்கொண்டிருக்கும் பெண்கள், உன் செருப்பு இழுத்த கோட்டைப் பார்த்து விளக்குமாற்றைத் தூக்கிக் காட்டுவார்கள். சாயங்காலமும் சும்மா இருக்க விடமாட்டாய். "படகு வருதான்னு பாத்துட்டு வருவமா," "அந்தக் கடையில வெத்தலை வந்திருக்காம்ல." கடல் காற்றில் எல்லாம் துருப்பிடித்தது. வெள்ளிக்கிழமைகளில் நீ தொழுகைக்குப் போயிருக்கும் நேரத்தில் நான் தேங்காய் எண்ணெயும் பழந்துணியுமாக உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பியாகத் துடைப்பேன்.

எதிரே பெரியவர் வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கிவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் பழக்கிய பழக்கம். அங்கேயும் இறங்கினேன். முதல் தடவை நான் இறங்கியதும் தீவுத் தலைவர் பதறிப்போனார். செயின் கழன்றுவிட்டது என்று நினைத்துக் குனிந்து, தானே பெடலைச் சுற்றிப் பார்த்தார். மறுநாளும் இறங்கினேன், மறுநாளும் குனிந்தார். மூன்றாம் நாள் ஒரு ஸ்பானருடன் வந்தார். நீ அதற்குள் அவர்கள் பாஷையைக் கொஞ்சம் பிடித்துக்கொண்டிருந்தாய். நீ விளக்கிச் சொன்னதும் அவர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"இந்தத் தீவுல பாதிப் பேரு கிழவங்கதான், இவரு என்னைக்குப் பள்ளிக்கூடம் போய்ச் சேருவாருன்னு கேக்குறாக."

அப்படியும் நான் விடவில்லை. நான் இறங்கும்போதெல்லாம் நீயும் கேரியரிலிருந்து எழுந்து நிற்க வேண்டியிருந்தது. "உன்கூட வர்றதுக்கு முழங்கால் ரெண்டும் போச்சு மாப்ளே" என்பாய்.

உனக்கு நெஞ்சு வலித்த மாலையில், சட்டையெல்லாம் நனைய நீ கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உன்னைக் கேரியரில் உட்காரவைத்து, உன் கைகளை என் இடுப்பைச் சுற்றிக் கோத்துக்கொள்ளச் சொன்னேன். சுகாதார நிலையம் படகுத்துறைக்குப் பக்கத்தில். பாதி வழியில் தீவுத் தலைவர் எதிரே வந்தார். மணியை அடித்தேன். இறங்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் உன் குரல் கேட்டது. "ஏலே, பெரியவரு வர்றாகல்ல. இறங்கலையா?"

"பேசாம வா" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"வளைவுல மிதிக்காத. உள்பக்கத்துப் பெடல் தரையில இடிக்கும். ரெண்டு பேரையும் கவுத்துப்பிடாத."

டாக்டர் வெகுநேரம் சோதித்துவிட்டு வாயு என்றார். மறுநாள் காலையில் தலைவர் நம் அறை வாசலில் நின்றார். தான் ஏதாவது தவறு செய்துவிட்டோமா, வாத்தியாருக்கு ஏன் கோபம் என்று உன்னிடம் கேட்டார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம். பெடல் வளைவில் தரையில் இடிக்கும் என்பது பின்னால் உட்காருபவனுக்கு எப்படித் தெரியும்? இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் கிடந்தேன். படகுத்துறைப் பக்கம் போய் நீதான் கஞ்சியும் மாத்திரையும் வாங்கி வந்தாய். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனதாகச் சொன்னாய். நான் எழுந்து சைக்கிளை எடுத்தபோது சீட் ஒரு சாண் உயர்ந்திருந்தது; எனக்குப் பெடல் எட்டவில்லை. தெருவில் யாரோ எடுத்து ஓட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து இறக்கி வைத்தேன். நீயும் "ஆமா, யாரோ எடுத்துட்டாங்க போல" என்றாய்.

பேனாவை வைத்துவிட்டு உன் தம்பிக்குப் போன் செய்தேன். துக்க வீட்டில் கேட்கக்கூடிய கேள்வியா என்று தயங்கி, கடைசியில் கேட்டுவிட்டேன்.

"எங்க அண்ணனுக்கா? சைக்கிளா?" என்றான். "கம்பத்துல இருந்து எங்க கடைக்குச் சரக்கே அவுகதான சார் கட்டிட்டு வருவாக. இந்தா, பின்னால மூட்டையை வச்சுக்கிட்டு ரெண்டு கையையும் விட்டுட்டு ஓட்டுவாக. அத்தா விரட்டி விரட்டி வைவாக. யாரு சார் சொன்னது தெரியாதுன்னு?"

"அவன்தான் சொன்னான்."

 "எதுக்கு சார் அப்படிச் சொன்னாக?" என்று கேட்டான். தெரியவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். தெரியாமல் இல்லை. அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

நெஞ்சில் இப்போதும் பெரிதாக எதுவும் அசையவில்லை. நாளைக்கு அசையுமோ என்னவோ. ஒன்றை மட்டும் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. மூன்றாவது குறிப்பு தவறு. உனக்கு ஓட்டத் தெரியும், என்னைவிட நன்றாகவே. அடித்துவிடலாமா என்று பேனாவை எடுத்தேன், அடிக்கவில்லை. நான்கு வருடம் தினமும் காலையில் நான் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தது, அந்த ஒரு வரியை நம்பித்தான்.