ஒரு முறம் தவிடு

தை 12, செவ்வாய்

பனி. வெயில் ஏறியும் கூரையில் சொட்டு நிற்கவில்லை. எருமைக்குத் தவிடு கலக்கும் வேலை எனக்கு. மில்லிலிருந்து புது மூட்டை. கை விட்டால் இன்னும் சூடு.

நங்கைக்கு இன்றும் வெள்ளைச் சோறு, மிளகு ரசம். அண்ணன் பெண்டாட்டி அவள்; அவளுக்கு ராஜபோகம் என்று தெருவில் பேச்சு. எங்களுக்கெல்லாம் கம்பங்களி. பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் மில் பச்சரிசி. அம்மாவே மூன்று தண்ணீர் கழுவி, கஞ்சி வடித்து. அந்தப் பானையை யாரும் தொடக்கூடாது.

நங்கைக்குக் கால் மரத்துப்போகிறதாம். விரலால் அழுத்தினேன். பள்ளம் அப்படியே நின்றது.

பாப்பாவுக்கு மூன்றாம் மாதம். குடித்த பாலைக் கக்குகிறான். போன பிள்ளையும் மூன்றாம் மாதத்தில்தான். வேண்டாம், எழுத வேண்டாம்.

தை 14, வியாழன்

நாமக்கல் ஆஸ்பத்திரி. அண்ணன், நங்கை, பாப்பாவைப் பிடித்துக்கொள்ள நானும் வண்டியில்.

டாக்டர் சொன்னது: மில்லில் தீட்டும்போது அரிசியின் சத்து தவிட்டோடு போய்விடுகிறது. தாய்க்குச் சத்தில்லை, பாலிலும் இல்லை. கைக்குத்தல் அரிசி கொடுக்க வேண்டும். கூடவே புதுத் தவிடு. சலித்து, வறுத்து, வெல்லம் சேர்த்து. பழந்தவிடு கூடாது, காறிப்போகும்.

அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வீட்டில் அம்மா கேட்டதற்கு, "மருந்து குடுத்தாங்க." அவ்வளவுதான். நான் அவனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

தை 15, வெள்ளி

அம்மா சந்தைக்கு. மில் தவிட்டில் உமி நிறைய. இரண்டு தரம் சலித்தேன். வறுத்தால் நல்ல வாசனை. வெல்லம் இடித்துச் சேர்த்து உருண்டை.

நங்கை ஒன்று தின்றாள். "நல்லாத்தான் இருக்குது புள்ள. தொண்டையிலதான் குத்துது. நாளைக்கி நானும் எருமையாட்டம் பால் கறப்பன்." சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அவள் சிரித்து.

அம்மா வந்துவிட்டாள். "என்ன கருமம் இது! எரும திங்கறதப் புள்ள பெத்தவளுக்குக் குடுக்கற? அவ பொறந்த ஊட்டுல கேட்டா என்ற மூஞ்சில காறித் துப்புவாங்க."

டாக்டர் சொன்னதை அவனே சொல்லட்டும் என்று அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். உருண்டைகள் எருமைக்கு.

தை 18, திங்கள்

பாப்பா அழுகிறான், சத்தம் வரவில்லை. வாய் திறக்கிறது, முகம் சிவக்கிறது. கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

அம்மா அவனை விற்றுவிட்டாள். முறத்தில் கிடத்தி, பக்கத்து வீட்டு மாராயி அக்கா கையில். அக்கா விலையாக ஒரு முறம் தவிடு கொடுத்தாள். இனி அவள் பிள்ளை, எமன் எங்கள் வீட்டில் தேட மாட்டான். பேர் தவிட்டான். பால் குடிக்க மட்டும் இங்கே.

"என்ற பையன நல்லாப் பாத்துக்கங்க, கூலி தாரேன்" என்றாள் அக்கா. யாரும் சிரிக்கவில்லை.

அம்மா என்னிடம், "அழுவாத சாமி. உன்னயும் இப்புடித்தான் வித்தோம். நீ பொழைக்கலையா?"

ஆமாம், என் பேர் தவிட்டாயி. அந்தப் பேருக்குத்தான் பள்ளிக்கூடத்தில் சிரித்தார்கள், அதனால்தான் நின்றேன். ஆனால் அப்போது மில் இல்லை. அம்மா தின்றது அவளே குத்திய அரிசி. இதைச் சொல்ல வேண்டும்.

மாராயி அக்கா மில்லுக்குப் போகாதவள், உரலில் குத்துகிறவள். அவள் தவிட்டில் உமியே இல்லை, மாவு மாதிரி மெத்தென்று. அதை மட்டும் கேட்டுவிட்டேன்.

"இதையாச்சும் நங்கைக்கு..."

அம்மா கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "பெத்த புள்ளைய வித்த வெலைய அவளே திம்பாளா, சாமி?"

எருமைத் தொட்டியில் கொட்டினாள். எருமை நக்கித் துடைத்துவிட்டது.

தை 19, செவ்வாய்

பனி இல்லை. விடியும் முன் பாப்பா போய்விட்டான்.

"என்ற புள்ள, என்ற புள்ள" என்று மாராயி அக்காதான் பெரிதாக அழுதாள். நங்கை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். எழுந்திருக்க முடியவில்லை, கால் மூங்கில் மாதிரி விறைத்திருக்கிறது.

எல்லாரும் போன பிறகு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உலை வைத்தாள். "இவளாச்சும் தேறட்டும்."

மில் அரிசி. மூன்று தண்ணீர் கழுவினாள்.