இது ஆட்டவலி இல்லையாம்

தோர்ஷவுன் மருத்துவமனை,
பிப்ரவரி 19

என் ஹானுசுக்கு,

பதறாதே. முகவரியைப் பார்த்ததும் உன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் நலம், வயிற்றில் இருப்பவரும் நலம். இனி நிதானமாகப் படி. எனக்குத்தான் நிதானமே இல்லை, சொல்ல அவ்வளவு இருக்கிறது! கப்பல் தொலைபேசியில் சொன்னால் வலை இழுக்கிறவர்கள் அத்தனை பேரும் கேட்பார்கள், அதனால்தான் கடிதம்.

போன சனிக்கிழமை ஊர் மண்டபத்தில் ஆட்டம். ஏழு மாத வயிற்றோடு நானும் ஆட்ட வட்டத்தில் கை கோத்தேன். பாட்டெடுத்துக் கொடுத்தது உன் அப்பா. மனிதர் நூறு செய்யுள் தாண்டியும் விடவில்லை, மரத்தரை அப்படி அதிர்ந்தது! மறுநாள் எனக்கு இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. ஊரே நொண்டும்போது யார் கவலைப்படப்போகிறார்கள்? "இடப்பக்கமா ரெண்டு எட்டு, வலப்பக்கமா ஒரு எட்டு வச்சா, பின்ன எந்தக் காலும்மா வலிக்கும்?" என்று மாமா சிரித்தார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

புதன்கிழமை ஒரு காலுறை ஏறவே இல்லை. மாமா ஆட்டுக்கொழுப்பைச் சூடாக்கி எடுத்துவந்து தேய்க்க உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து மருத்துவச்சி ராக்னா வயிற்றைப் பார்க்க வந்தாள். வந்தவள் மாமாவின் கையைத் தட்டிவிட்டாளே பார்க்கலாம்! "தேய்க்காதீங்க! உள்ள ரத்தம் கட்டியிருந்தா நகந்து நெஞ்சுக்குப் போயிடும்." பிறகு என்னிடம், "உன் பக்கத்துல நின்னு ஆடினவ நான். எனக்குத் திங்கக்கிழமையே சரியாப்போச்சு. உனக்கு மட்டும் என்னடி இன்னும்?" என்றாள். நாடாவை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்தாள். இடது கால் மூன்றரை சென்டிமீட்டர் பெரிது, தொட்டால் சூடு வேறு.

அப்புறம் ஹெலிகாப்டர், ஹானுஸ்! நான் ஹெலிகாப்டரில்! மூடுபனி விலகிய அரைமணியில் தூக்கிக்கொண்டு பறந்தார்கள். நம் வீட்டுக் கூரைமேல் வளர்ந்திருக்கும் புல்லைப் பக்கத்து வீட்டு ஆடு மேய்ந்ததை மேலிருந்து பார்த்தேன், வந்து அவர்களை ஒரு கை பார்க்கிறேன்.

கர்ப்பத்தில் கெண்டைக்கால் வலிப்பது சகஜமாம். பெரும்பாலும் வெறும் பிடிப்பு, சுளுக்கு. ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் சும்மா விடக்கூடாதாம். ஸ்கேனில் ரத்தக்கட்டி தெரிந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் என் போர்வையைச் சரிசெய்தார். அப்போதுதான் பயந்தேன். உடனே குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க வைத்தார்கள். அம்மாடி, என்ன வேகம்! அழுதுகொண்டே சிரித்தேன். தினமும் வயிற்றில் ஊசி, அதை நானே போடக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

தேய்க்கப் போனேனே என்று மாமா வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாராம். அவருக்கு இரண்டு வரி எழுது, திட்டாமல்.

கேப்டன் இன்னொரு நடைக்குக் கூப்பிடுவதாக எழுதியிருந்தாய். பணம் நல்லதுதான், போகாதே என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம்தான் ஆபத்து அதிகமாம். எனக்கு மூச்சுத் திணறினால் உடனே ஆள் கூப்பிட, வீட்டில் கூடவே இருக்கப்போவது யார் என்று ஒரு படிவத்தில் கேட்டார்கள்.

கடல் உன்னைப் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும். படிவத்தில் அந்த இடத்தில் உன் பெயரை எழுதிவிட்டேன்.

உன்,
சுன்வா