சிலிண்டர் இல்லாத இன்ஜினுக்கு ஒரு சிலிண்டர்

மார்ச் 4, செவ்வாய்

அக்கா வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். அவள் மாட்டினால் கூடவே நானும். பிறந்ததிலிருந்து இதே கதை.

அத்தான் புதிதாக பேட்டரி கார் வாங்கியிருக்கிறார். நூலகர் அல்லவா, வண்டிகூட வாயைத் திறக்கக் கூடாது. சார்ஜ் போட அவருக்கு ஷெட் வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே ஷெட், அதில் அக்காவின் பழைய ரோட்டரி கார் நிற்கிறது. ஸ்டார்ட் செய்தால் எதிர்வீட்டு ஜன்னல் வரை அதிரும். அத்தான் அதற்கு வைத்த பெயர் மிக்ஸி. நேற்று சாப்பிடும்போது பேச்சு முற்றி, பந்தயத்தில் வந்து நின்றிருக்கிறது. பழைய விமான ஓடுதளத்தில் கார் கிளப்காரர்கள் நேர் ஓட்டம் நடத்துகிறார்கள். ஏப்ரல் முதல் ஞாயிறு இரண்டு வண்டியும் அங்கே ஓட வேண்டும். தோற்ற வண்டி வீட்டை விட்டே போக வேண்டும்.

அந்த இன்ஜினை என் பட்டறையில் நானும் அவளும் சேர்ந்து பிரித்துக் கோத்தோம். வேறு யார் கைக்காவது போனால் ஒரு மாதம் தாங்காது. இதை ஒரு சாப்பாட்டு மேஜைச் சண்டையில் பணயம் வைப்பாளா ஒருத்தி?

மார்ச் 6, வியாழன்

வேகம் கூட்ட இன்ஜினுக்கு நைட்ரஸ் வாயு போடலாமாம். அக்கா பல் டாக்டர். பல் பிடுங்கப் பயப்படுகிறவர்களுக்கு அவள் தரும் சிரிப்பு வாயுவும் அதுதான். "நான் தினமும் இதோடதான் குப்பை கொட்டறேன். எனக்கே பாடமா?" என்றாள்.

பாடம்தான். கிளினிக் சிலிண்டரைத் தொடாதே, வண்டிக்கு விற்பது வேறு, யாரும் முகர்ந்துவிடக் கூடாது என்று அதில் நாற்றம் பிடித்த கந்தக வாயுவைக் கலந்திருப்பார்கள் என்றேன். அப்படியானால் வண்டி சிரிக்காதா என்று கேட்டாள். இவளுக்குப் படிப்பு ஏறியதே எனக்கு ஆச்சரியம்.

மார்ச் 9, ஞாயிறு

உட்காரவைத்து விளக்கினேன். நைட்ரஸ் உள்ளே போனால் கூடுதல் ஆக்சிஜன் கிடைக்கும். அதற்கு ஏற்ற கூடுதல் பெட்ரோலும் அதே நொடியில் போக வேண்டும். பெட்ரோல் குறைந்தால் நேரம் தவறி வெடிக்கும். சாதாரண இன்ஜின் ஒரு முறை பொறுக்கலாம். ரோட்டரி பொறுக்காது. சிலிண்டர், பிஸ்டன் எதுவும் கிடையாது, உள்ளே சுற்றுவது ஒரு முக்கோணம். அதன் மூன்று முனையிலும் மெல்லிய சீல். அது உடைந்தால் இன்ஜின் போச்சு.

அக்கா யோசித்துவிட்டு, "அதாவது பல்லு மாதிரி. போனா திரும்ப முளைக்காது" என்றாள். அதேதான். அந்த நிமிஷம் அவள்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. பிறகு, கேஸ் பாய்கிற ஜெட் துளையை எவ்வளவு பெரிதாகப் போடுவாய் என்று கேட்டாள். மரியாதை போய்விட்டது.

மார்ச் 16, ஞாயிறு

முடிந்தது! முதுகு விட்டுப்போச்சு.

சிலிண்டரே இல்லாத இன்ஜின் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வோம். இப்போது அதற்கும் ஒரு சிலிண்டர், டிக்கியில். அசையாமல் கட்டியாயிற்று. சூடேறி அழுத்தம் கூடினால் வாயு காருக்குள் வராமல் வெளியே போகத் தனிக் குழாயும் வைத்திருக்கிறேன். இருப்பதில் சின்ன ஜெட். சூடு தாங்கும் பிளக். பிளக் பொறி விடும் டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளியிருக்கிறேன். சீல் காயாமல் இருக்க பெட்ரோலில் கொஞ்சம் டூ-ஸ்ட்ரோக் ஆயில். பட்டனை அழுத்தினாலும், ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்து, இன்ஜினும் வேகம் பிடித்திருந்தால்தான் கேஸ் திறக்கும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சுவிட்ச்: பெட்ரோல் அழுத்தம் கொஞ்சம் இறங்கினாலும் கேஸை அடைத்துவிடும்.

வண்டியா, மாமியார் வீடா என்றாள் அக்கா. எதைத் தொட்டாலும் கூடாது, கூடாது.

மார்ச் 19, புதன்

அத்தானுக்குத் தெரியவே கூடாது என்று சத்தியம் வாங்கினாள். இன்று அவரிடமிருந்து செய்தி: "மெக்கானிக்கம்மா, மிக்ஸிக்குப் புது ஜார் மாட்டியாச்சாமே?" உளறியது யார் என்று கேட்கவா வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு

ஓடுதளத்தில் சோதனை ஓட்டம். மானம் போச்சு. கேஸ் பட்டனை அழுத்தியதும் வண்டி பாய்வதற்குப் பதில் இருமியது. பின்னால் கரும்புகை. கிளப்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நான் போட்ட வயரை எல்லாம் சந்தேகப்பட்டுத் தேடு தேடென்று தேடினேன். கடைசியில் டிக்கியைத் திறந்தால், சிலிண்டர் வால்வு கால்வாசிதான் திறந்திருக்கிறது. பெட்ரோல் முழுசாகப் போகிறது, கேஸ் சொட்டுகிறது. திறந்தது அக்கா. ஏன் இப்படி என்றேன். "எப்பவுமே கொஞ்சமா ஆரம்பிச்சு, ஆள் எப்படி இருக்காங்கன்னு பாத்துதான் கூட்டுவோம்" என்றாள், பேஷன்ட்டிடம் பேசுகிற அதே குரலில்.

திட்ட வாயெடுத்தேன், சிரிப்புதான் வந்தது. வால்வை முழுசாகத் திறந்து மறுபடி ஓட்டினாள். அப்பப்பா! முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டதாம்.

மார்ச் 28, வெள்ளி

பயங்கரச் சண்டை. பெரிய ஜெட் போடு என்கிறாள். சின்னதை வைத்துக்கொண்டு பேட்டரி காரை முந்த முடியாதாம். முடியாமல் போகலாம். ஆனால் தோற்றால் வண்டி எங்கேயாவது உயிரோடு இருக்கும், சீல் போனால் எங்கேயும் இருக்காது. அவ்வளவு அவசரம் என்றால் வேறு ஆளைப் பார் என்று சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டாள். வைக்கட்டுமே.

மார்ச் 30, ஞாயிறு

இன்னும் பேசவில்லை. நானா முதலில் பேசுவேன்?

மார்ச் 31, திங்கள்

நான்தான் பேசினேன். சின்ன ஜெட்டே இருக்கட்டும் என்றாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

தோற்றோம்.

கிளம்பும்போது பேட்டரி கார் முன்னால், அது எதிர்பார்த்ததுதான். கேஸ் விழுந்ததும் மிக்ஸி எகிறியது. எட்டிப் பிடித்தது, தாண்டியது. நான் கத்திக்கொண்டே ஓடினேன். திடீரென்று வேகம் சப்பென்று இறங்கிவிட்டது. அத்தான் சத்தமே இல்லாமல் கடந்து போனார்.

சுவிட்ச் கேஸை அடைத்திருக்கிறது. அக்கா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "உன் சுவிட்சுதான்டி என்னத் தோக்கடிச்சுது" என்றாள். அவள் சொல்வது சரியோ? ஒன்றுமே இல்லாததற்கு அடைத்துவிட்டதோ?

ஏப்ரல் 7, திங்கள்

முதல் வேலையாக அக்கா வீட்டு ஷெட்டுக்குப் போய் பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றி, புதிது மாட்டிவிட்டு, பழையதை அறுத்தேன். உள்ளே ஒரே துரு. பாதிக்குமேல் அடைப்பு. போன மாதம்தான் ஃபில்டரை மாற்றிய நான், பழைய டேங்க்கை இறக்கிப் பார்க்கவில்லையே, மடச்சி. முழு வேகத்தில் ஓடும்போது பெட்ரோல் வரத்து குறைந்திருக்கிறது. சுவிட்ச் தன் வேலையைச் செய்திருக்கிறது.

அப்படியே ஒரு பையில் போட்டு கிளினிக்குக்கு எடுத்துப் போனேன். அக்கா அதை விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சுவிட்சு இல்லன்னா?"

"சீல் போயிருக்கும்."

கையுறையைக் கழற்றிவிட்டு என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். சமாதானமாகிவிட்டாள் என்று அர்த்தம். வெளியே வந்து பைக்கில் உட்கார்ந்து அழுதேன், நன்றாக.

ஏப்ரல் 8, செவ்வாய்

மிக்ஸி என் பட்டறைக்கு வந்துவிட்டது. பந்தயம் பந்தயம்தான் என்று அக்காவே ஓட்டிவந்து சாவியைத் தந்தாள். திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள்.

ஏப்ரல் 18, வெள்ளி

தினமும் கிளினிக் முடிந்ததும் நேரே இங்கேதான். டேங்க்கைக் கழுவினோம். வேலை இல்லாத நாளில் வண்டிக்குள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். என் சாப்பாட்டில் பாதியைச் சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். உப்பு கம்மி என்று குறை வேறு.

ஏப்ரல் 25, வெள்ளி

அத்தான் தனியாக வந்தார். காரைத் தள்ளி நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம் ஸ்பானர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஷெட் வசதியாக இருக்கிறதா என்று கேட்டேன், கொஞ்சம் குத்தலாகத்தான்.

"வீடு அமைதியா இருக்கணும்னுதான் ஆசப்பட்டேன்" என்றார். "இவ்வளவு அமைதி வேண்டாம். அந்த மிக்ஸிய அனுப்பிடு. அது வந்தாத்தான் அவளும் வீட்டுக்கு வருவா."

பேட்டரி காரை எங்கே நிறுத்துவீர்கள் என்றேன். அதை அவர் யோசிக்கவே இல்லை.

ஏப்ரல் 27, ஞாயிறு

மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பாடு. மிக்ஸி ஷெட்டில். பேட்டரி கார் தெருவோரம், அதன் சார்ஜ் வயர் சமையலறை ஜன்னல் வழியாக வெளியே தொங்குகிறது. அத்தான் அந்த வயருக்குக் கீழே குனிந்து குனிந்துதான் பாத்திரம் கழுவுகிறார்.

சாப்பிட்டதும் அக்கா வண்டியை ஸ்டார்ட் செய்தாள். கொஞ்ச நேரத்தில் அத்தான் ஈரக் கையோடு ஷெட் வாசலில் வந்து நின்றார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "என்ன, இன்னைக்கு அதோட குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றார்.

பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஒரு பிளக் வயர் தளர்ந்திருந்தது.